ஸ்பிரிங்வெளியிலிருந்து உலக மாநாட்டுக்குப் போனவளுக்கு

இன்று காலை பதுளையில் வங்கிக்குப் போயிருந்தேன். உள்ளே நனைந்த குடைகளின் வாடை. வரிசை நகரவில்லை. "கம்ப்யூட்டர் எதுவும் வேலை செய்யலீங்க. வெளிநாட்டிலருந்து யாரோ புகுந்து நாசம் பண்ணியிருக்காங்களாம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். எனக்குக் கோபம் வரவில்லை. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. கைப்பையைத் துழாவி போனை எடுத்த பிறகே, நீ இல்லை என்பது உறைத்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. பல்கலைக்கழக விடுமுறையில் நீ உங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பதுளை பசறை வீதியில் என் அண்ணன் நடத்திய கொமியூனிகேஷன் கடைக்கு, காசு கொடுத்துப் போன் பேசும் அந்தக் கடைக்கு, வருவாய். அங்கேதான் நாம் இருவரும் முதன்முதலாக இன்டர்நெட்டைப் பார்த்தோம். சென்னையில் இருந்த அக்காவுக்கு அனுப்பிய மெயில் போய்ச் சேர்ந்துவிட்டதென்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். நீ திரையையே பார்த்தபடி கேட்டாய்: "இது எந்தெந்த நாட்டு வழியா போகுதுடி? நடுவுல ஒருத்தன் பிரிச்சுப் படிச்சா, எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போறது?" அண்ணன் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அதையே ஆராய்ச்சிக்கு எடுக்கப்போகிறேன் என்றதும் உன் பேராசிரியர் தடுத்தார். "இணையப் பாதுகாப்பு எஞ்சினியர்மாருடைய வேலை. நீர் தோட்டத்துப் பிள்ளை, தோட்ட அரசியலை எழுதும்." "ரெண்டும் ஒன்னுதான் சேர்" என்றாயாம்.

எப்படி ஒன்று என்று எனக்குத்தான் விளக்கினாய். நாம் பிறப்பதற்கு முன்பே இலங்கை, இந்திய அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்துச் சனங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் பெரியப்பா இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். உன் அப்பா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கினார், பல காலம் எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாமல். அண்ணனும் தம்பியும் அதன்பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. "எங்கள ஒரு வார்த்தை கேக்கலடி. இப்ப இன்டர்நெட்டையும் பெரிய நாடுங்க அப்படித்தான் தங்களுக்குள்ள பேசிப் பிரிக்குதுங்க" என்றாய்.

பிடிவாதமாக அதையே எழுதினாய். உதவித்தொகை கிடைத்து ஐரோப்பா போனாய். நாடுகள் ஒன்றின் கணினிகளுக்குள் ஒன்று புகுந்து உளவு பார்ப்பதையும் தாக்குவதையும் எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் என்று நீ எழுதிய கட்டுரைகளை அரசதந்திரிகள் தேடிப் படித்தார்கள். அப்படித்தான் ஒரு மாநாட்டுக்கு உன்னை நிபுணராக அழைத்தார்கள். ஆற்றலுள்ள நாடுகள் விதிகளை வகுக்கட்டும், மற்றவை பிறகு ஒப்பமிடலாம் என்றார் ஒரு வல்லரசின் பிரதிநிதி. நீ எழுந்து உன் பெரியப்பாவின் கதையைச் சொன்னாய். கப்பலேறிய அந்த மனிதரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அதே தவறை இங்கேயும் செய்யாதீர்கள் என்றாய். ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதிதான் முதலில் உனக்காகப் பேசினார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லா நாடுகளையும் கலந்துதான் விதி செய்ய வேண்டும் என்ற வாசகம் இறுதி அறிக்கையில் ஏறியது.

அன்றே எனக்குப் போன் செய்தாய். "ஒரே ஒரு வரிதான்டி. ஆனா நான் சொன்ன வரி. அப்பாகிட்ட போய்ச் சொல்றியா?" லயத்தில் அப்போது போன் இல்லை.

போனேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த உன் அப்பா, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மாநாடு, நாடுகள், அறிக்கை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க அண்ணன் பேர புள்ள அங்க சொன்னுச்சாம்மா?"

"சொன்னா மாமா. மைக்குல சொன்னா. எல்லா நாட்டுக்காரங்களும் கேட்டாங்க."

ஈரக்காலோடு அப்படியே புறப்பட்டார். பிறகு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வாசல் வாசலாக அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

நீ இன்னும் நிறைய எழுதியிருப்பாய். நோய் விடவில்லை. உன் புத்தகங்களில் பாதி எனக்குப் புரிவதில்லை, ஆனாலும் உன் பிடிவாதம் என்னிடம் தங்கிவிட்டது. பாடசாலைச் சபையிலோ கோயில் கூட்டத்திலோ ஒரு முடிவெடுக்கும்போது, "இது யாரைப் பற்றியதோ அவங்க எங்க?" என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். உரியவர்களை அழைத்து வந்து உட்காரவைக்கும் வரை எந்த முடிவுக்கும் நான் கை தூக்குவதில்லை.