ஒரு பக்கச் சுவர் இல்லாத விண்கலம்

நேற்று எங்கள் வீட்டுத் தண்ணி மோட்டார் மக்கர் செய்தது. மெக்கானிக் வந்து கழற்றி, துவைக்கிற கல்லின் மேல் ஒவ்வொரு உருப்படியாகப் பரப்பி வைத்தார். பழைய கிரீஸ் வாசம் குப்பென்று ஏறியது. "சுத்து சரியாத்தானுங்க இருக்குது?" என்று கேட்டேன். "மோட்டார் பக்கம் நின்னு பாருங்கக்கா, வலது சுத்துத்தான்," என்றார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்க்கிறார். உன்னைப் பற்றி அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரியாத சேதி ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

பீளமேட்டில் அந்த பம்பு கம்பெனியின் டிராயிங் ஆபீஸ் ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசி. அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண்கள் என்று நாம் இரண்டு பேர்தான். நீ பல்லடத்திலிருந்து பஸ்ஸேறி வருவாய். நான் உள்ளூர் ராமநாதபுரத்திலிருந்து வருவேன். காலை முதல் சாயங்காலம் வரை கம்ப்யூட்டரில் பம்பு வரைவது நம் பிழைப்பு. எந்தப் படமானாலும் மோட்டார் பக்கம் நின்று பார்த்துத்தான் வலது சுற்றா இடது சுற்றா என்று சொல்லவேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். அது நம் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சீடியை நீதான் கொண்டுவந்தாய். அதில் ஒரு விண்வெளி மென்பொருள். சூரியன், கிரகம், நிலா எல்லாம் உள்ளபடி சுற்றும். நாம் ஒரு விண்கலத்தில் ஏறி ஓட்டலாம். நான் ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு சனிக்கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, சீடியில் கூடவே இருந்த குறிப்பைப் படித்தாய். "ஏம்புள்ள, இதுல சொந்தமா ஒரு கப்பல் செஞ்சு உடலாமாம். எவனோ செஞ்சதை எதுக்கு ஓட்டிக்கிட்டு?" என்றாய். உன் புத்தி அப்படி. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட சாப்பாட்டை விட்டுவிட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கிற ஆள் நீ.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. ஒரு கை தயிர்சோற்றில், ஒரு கை கீபோர்டில். கலத்தின் உடம்பை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு வளையத்திலும் புள்ளி வைத்து, அதற்கு எண் போட்டு, எந்த மூன்று புள்ளி சேர்ந்தால் ஒரு தகடு என்று வரிசையாக எழுதவேண்டும். நீ சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அப்புறம் ஸ்கிரிப்ட். எந்த பட்டனை அமுக்கினால் எஞ்சின் எரியும், எதை அமுக்கினால் தரையிறங்குகிற கால் விரியும் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தால்தான் அது கேட்கும். முதல் தடவை காலை விரிக்கச் சொன்னபோது மூன்று காலும் மல்லாந்த கரப்பான் மாதிரி மேலே பார்த்து விரிந்தன. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

நம் கலம் என்ன லட்சணத்தில் இருந்தது என்கிறாய்? பம்பு வரைந்த கை பம்பைத்தான் வரையும். ஒல்லியாக, நீளமாக, அசல் போர்வெல் பம்பேதான். மேனேஜர் சார் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இது எத்தனை அடி ஆழத்துக்குப் போகுமுங்க?" என்று கேட்டார். "இது ஒசக்க போறதுங்க சார்," என்றாய். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். நல்லவர், பாவம்.

அந்த விளையாட்டில் உன் தலையெழுத்தே வந்து மாட்டும் என்று யாருக்குத் தெரியும்? உன் பெரியப்பாதான் ஆரம்பித்துவைத்தார். வெள்ளகோவிலில் ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டில் பெண் வேலைக்குப் போகக்கூடாது என்கிறார்கள். "பொட்டப்புள்ள பஸ்ஸேறிப் போயி என்னத்தக் கிழிக்கறா? போதும், நிறுத்திப்போடு," என்று உன் அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா கோழிப்பண்ணைக்காரர். நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "சனிக்கிழமை ஆபீசுக்கு வாரேன். என்ன வேலைன்னு பாத்துப்போட்டு முடிவு சொல்றேன்," என்று மட்டும் சொன்னாராம். நீ வந்து என்னிடம் சொன்னபோது உன் முகத்தில் ஈயாடவில்லை.

பம்பு படத்தைக் காட்டலாமே என்றேன். "பம்பு அப்பா தோட்டத்துலயே கெடக்குது. அதைக் காட்டுனா இதுக்குத்தான் போறயான்னு கேப்பாரு. கப்பலைத்தான் காட்டோணும்," என்று ஒற்றைக் காலில் நின்றாய். அழுத்தக்காரி!

வெள்ளிக்கிழமை மதியம் முழுக் கலத்தையும் முதல்முறையாக ஏற்றினோம். கோவிந்தா! கலம் இருக்கிறது, சுவர் இல்லை. இடப்பக்கம் போய்ப் பார்த்தால் இடப்பக்கச் சுவரைக் காணோம், உள்ளே இருப்பது தெரிகிறது. வலப்பக்கம் வந்தால் வலப்பக்கச் சுவரைக் காணோம். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கம் மட்டும் ஓட்டை. நமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே கோட்டைவிட்டோம் என்று புரிவதற்குள் ஆபீஸ் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

மறுநாள் உன் அப்பா வெள்ளை வேட்டியும் ஒரு அட்டை முட்டையுமாக வந்து நின்றார். ஆபீசுக்கு முட்டை கொண்டுவந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நீ கலத்தைக் காட்டினாய். "இந்த பட்டனை அமுக்குங்கப்பா," என்றாய். அமுக்கினார். கால் ஒழுங்காகக் கீழே பார்த்து விரிந்தது. இன்னொரு தடவை அமுக்கினார், மடங்கியது. மறுபடியும் விரித்தார். கலத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதையெல்லாம் நீதான் செஞ்சயா கண்ணு?"

"ஆமாங்கப்பா. நானும் இந்தப் புள்ளையும்."

"ஒரு பக்கம் அடைக்காம கெடக்குதே?"

நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "இன்னும் வேலை முடியலீங்க," என்றேன். அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "வேலைய பாதில உட்டுப்போட்டு வரப்படாது. முடிச்சுப்போட்டு வா. அப்பறம் கல்யாணத்தைப் பேசிக்கலாம்," என்றார். அவர் படியிறங்கியதும் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

திங்கட்கிழமை குறிப்பை வரி விடாமல் படித்தபோது குட்டு வெளிப்பட்டது. புள்ளிகளை எந்தச் சுற்றில் எண்ணுகிறோமோ அதை வைத்துத்தான் தகட்டின் முகம் வெளியே பார்க்கிறதா உள்ளே பார்க்கிறதா என்று அந்த மென்பொருள் முடிவு செய்யும். உள்ளே பார்க்கிற தகடு வெளியே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மூக்குப் பக்கம் நின்று எண்ணச் சொல்லியிருந்தார்கள். நாம் இருவரும், சொல்லிவைத்த மாதிரி, எஞ்சின் பக்கம் நின்று எண்ணியிருந்தோம். மோட்டார் பக்கம்! உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். எண்ணை மாற்றிப்போட இரண்டு மதியம்கூட ஆகவில்லை. கடைசித் தகட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அதை உடு. மூடுனா முடிஞ்சுபோயிரும்," என்றாய். உன் வாயெல்லாம் பல்.

அந்தத் தகடு அப்படியே நின்றது. அவர் தீபாவளிக்குக் கேட்பார், பொங்கலுக்குக் கேட்பார். "கப்பலு முடிஞ்சுதா கண்ணு?" "இன்னும் ஒரு பக்கம் பாக்கிங்கப்பா." வெள்ளகோவில் வரன் வேறு பெண்ணைப் பார்த்துப் போயிற்று. பின்னால் வந்ததும் போயிற்று. உனக்குப் பிடித்தபோது, பிடித்த ஆளைக் கட்டிக்கொண்டாய்; வேலையையும் விடவில்லை. கடைசியில் அந்த ஆபீசுக்கே தலைமை நீதான். ஒவ்வொரு பண்டிகை முடிந்து வரும்போதும், "பாவம்டி எங்கப்பா, இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு," என்று சொல்லிச் சிரிப்பாய். சிரித்தாலும் உள்ளுக்குள் உனக்கு உறுத்தல்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "அப்பாவை ஏமாத்திப்போட்டேன்ல," என்றாய். உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் காரியம் முடிந்து கொஞ்சநாள் கழித்துப் பல்லடம் போனேன். உன் அப்பா இளைத்துப்போய்விட்டார். காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. காபி கொடுத்துவிட்டு, உன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். நீ கடைசியாகச் சொன்னது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததா, போட்டு உடைத்துவிட்டேன். "அந்தக் கப்பலு அப்பவே முடிஞ்சுபோச்சுங்க. வேணும்னேதான் ஒரு பக்கத்தை உட்டுவெச்சிருந்தோம்."

அவர் சிரித்தார். நீ சிரிப்பதைப் போலவே, தோளைக் குலுக்கிக்கொண்டு.

"ஏனுங்க அம்மணி, ஒரு கோழிக்கொட்டாய்க்கு ஒரு பக்கம் கம்பிவலை அடிக்க அத்தனை வருசம் ஆகுமுங்களா? எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் எதுக்குங்க நோம்பி நொடிக்கெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"எங்க அண்ணன், மச்சானெல்லாம் கூடி உக்காந்திருக்கறப்பத்தானுங்க கேப்பேன். புள்ள, ஒரு பக்கம் பாக்கி இருக்குதும்பா. வேலைய முடிக்கட்டும்னு நானும் சொல்லிப்போடுவேன். அதுக்கு மேல எவன் வாயத் தொறப்பான்?"

கேட்டாயா? நீ அவரை ஏமாற்றவே இல்லை. நீ பதில் சொல்வதற்காகவே அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதை உன் காதில் போட முடியவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக வருகிறது. ஒரே ஒரு மாதம் முந்திப் போய்க் கேட்டிருந்தால், நீ அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போயிருப்பாய்.

கம்ப்யூட்டர் மாற மாற நம் கலத்தையும் மாற்றி மாற்றிக் கூடவே வைத்திருக்கிறேன். அந்தத் தகடு அப்படியேதான் இருக்கிறது. கிளம்பும்போது உன் அப்பா வாசல்வரை வந்தார். "பொங்கலுக்கு வாங்க அம்மணி," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கப்பலு முடிஞ்சுதான்னு கேக்கறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கறாங்க?" என்றார். பொங்கலுக்குப் போகிறேன்.