கூடத்துச் சுவருக்கு ஒரு பச்சை

பிப்ரவரி 4

டைல் கடையில் இன்று மானம் போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு டைலாக ஏறி நின்று பார்த்தேன். கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ கிசுகிசுத்தார். கிசுகிசுக்கட்டும்.

"மேடம், வீடு முழுக்க ஒரே டைல் போட்டா இடம் பெரிசா தெரியும்" என்றார்.

கண்ணுக்குத் தெரிய வேண்டாம், காலுக்குத் தெரிந்தால் போதும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்துப் புரிய வைக்க எனக்கும் தெம்பில்லை.

கூடத்துக்கு வழவழப்பாக ஒன்று. படுக்கையறைக்கு, மரப்பலகை போல வரி வரியாக ஓடுவது. குளியலறைக்குச் சொரசொரப்பு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. சமையலறை வாசலில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கரடுமுரடான கல். இதற்கு மேல் போனால் அடுப்பு இருக்கிறது என்று பாதம் சொல்லிவிட வேண்டும். நிலைப்படிகளை எல்லாம் இடித்து எடுக்கச் சொல்ல வேண்டும். அவற்றில்தான் இவர் இடறுகிறார்.

இவரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 6

வாயைத் திறந்தேன். வீடு ரெண்டுபட்டது.

சாம்பிள் டைல்களை ஒவ்வொன்றாக மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும் தெரிகிறது. "ஓரத்துலேர்ந்து மூடிக்கிட்டே வரும். இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம், போனது திரும்பாது" என்று கண் டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இருக்கிறதும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

"ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையே. ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கு. எதுக்கு இத்தனை விதம்?" என்றார்.

டைலை வாங்கி அவர் பாதத்துக்குக் கீழே வைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"ஓ... தடவித் தடவி நடக்கறதுக்கா? நான் குருடாயிடுவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"வழுக்கி விழுந்தா யாருங்க தூக்கறது? என்னால முடியுமா?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். ஆனா வேற எப்படிச் சொல்றது?

வெகுநேரம் கழித்து ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். "தரை உன் இஷ்டம். சுவர் என் இஷ்டம். என் கண்ணால பாத்து, என் கையால கலக்குவேன். முடிஞ்ச வீட்டை முழுசா ஒரு தடவை பாத்துடறேன். அப்புறம் எது வேணா ஆகட்டும்."

சரி என்றேன். பெயிண்ட் கடையில் ஆயுசு முழுக்கக் கலர் கலந்த மனிதர். வாடகை வீடுகளில் இருந்த காலத்திலேயே, "நமக்குன்னு வீடு வந்தா கூடத்துக்கு அடிக்க ஒரு பச்சை வெச்சிருக்கேன், கடைக்கு வர்ற எவனுக்கும் கொடுக்க மாட்டேன்" என்பார். நமக்கென்று வீடு வந்தபோது அதில் யாரோ அடித்த அழுக்கு மஞ்சள் இருந்தது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டோம். சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தோம்.

பிப்ரவரி 15

டைல் போடுகிறவருக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார் இவர். தரையைச் சுத்தியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாராம். "டாக்டர், பேஷன்ட் பிழைக்குமா?" என்று தினமும் கேட்கிறார். அவரும் உதட்டைப் பிதுக்கிக் காட்டுகிறார். உதட்டைப் பிதுக்கியது இவருக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோற்றில் தூசி, படுக்கையில் தூசி. நிலைப்படிகள் போயின. வீடு பல் விழுந்த வாய்போல இருக்கிறது.

பிப்ரவரி 27

சாயந்திரம், "லைட்டைப் போடேன்" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து போய் அணைத்து, மறுபடி போட்டேன். ஸ்விட்ச் சத்தம் அவருக்குக் கேட்கட்டும் என்று.

"ம். இப்ப பரவாயில்ல" என்றார்.

மார்ச் 5

கலர் கலந்த நாள். பழைய கடைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கடையில் மெஷினே கலந்து தருமே என்றார் பெயிண்டர். (ஏணி இல்லாமலே உத்தரத்தைத் தொடுகிற ஆள். இவர் 'நெட்டை' என்கிறார்.) "மெஷினுக்கு நம்பர்தான்யா தெரியும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் இவர்.

ஒரு வாளி வெள்ளை. பக்கத்தில் கலர் புட்டிகள். ஒவ்வொரு முறையும் சொட்டு விட்டுக் கலக்கி, அட்டையில் இழுத்து, ஃபேனுக்கு அடியில் பிடித்துக் காயவைத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஈரத்துல எல்லாப் பெயிண்டும் நல்ல பிள்ளைதான். காஞ்சாத்தான் குணம் தெரியும்" என்று நெட்டைக்குப் பாடம் வேறு.

மூன்றாவது அட்டையில் அந்தப் பச்சை வந்துவிட்டது. எனக்குக் கலர் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, என் புடவையைக்கூட இவர்தான் எடுப்பார். ஆனாலும் தெரிந்தது. மனசு குளிர்ந்துபோனது. அடடா, இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரா என்று நினைத்தேன்.

"இன்னும் வெளுப்பா இருக்கே" என்று மஞ்சளை விட்டார். காயவைத்தார். ஜன்னலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னும் வரல" என்று மறுபடி மஞ்சள். மறுபடி மஞ்சள். நெட்டை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம், பேசாதீங்க என்று தலையை ஆட்டினேன்.

ஒரு வார்த்தை. 'நிறுத்துங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னா என்ன ஆகும்? மஞ்சளைப் பாக்கற கண்ணும் போயிடுச்சுன்னு இவருக்குத் தெரிஞ்சிடும். அந்தச் சட்டையோட, அந்த வாளிக்கு முன்னாடி உக்காந்து தெரிஞ்சுக்கணுமா?

சொல்லவில்லை.

மார்ச் 8

நான்கு சுவரும் அடித்தாயிற்று. உள்ளே நுழைந்தால் கண் கூசுகிறது. இவர் கூடத்து நடுவில் நின்று, மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எப்படி?" என்றார்.

"நல்லா இருக்குங்க."

மாப்பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம்.

மார்ச் 12

பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 16

மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் வாய். "ஐயோ, என்னம்மா இது! ரோடு போடறவங்க சட்டை மாதிரி! யாரு பாத்த கலர் இது?"

கையைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். அப்பா உள்ளறையில்தான் இருந்தார். கதவும் திறந்துதான் இருந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போனிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மார்ச் 17

"மஞ்சள் ஏறிடுச்சா?" என்றார் காலையில்.

"லேசாத்தான்."

"பொய் சொல்லாதே."

"...ஏறிடுச்சுங்க."

"நீ பாத்துட்டுத்தானே இருந்தே? ஏன் சொல்லல?"

"சொன்னா மனசு விட்டுடுவீங்கன்னு..."

"இப்ப மட்டும்? ஊரே சிரிக்கிற சுவத்துக்கு நடுவுல என்னை உக்கார வெச்சிட்டியே. நெட்டைக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கண்ணு போனது பத்தாதா?"

இதுவரை என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மார்ச் 20

கூடத்துக்கு வருவதில்லை. சாப்பாடு உள்ளறைக்கே போகிறது.

மார்ச் 24

காலையில் ஜன்னலைத் திறந்தேன். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"விடிஞ்சிடுச்சா?" என்றார்.

ஆஸ்பத்திரி, சோதனை, காத்திருப்பு. கண் டாக்டர் எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்தார். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? வீடு முடிவதற்குள் போய்விடுமோ என்று பயந்தேன். வீடு முடிந்துவிட்டது, அவர் பார்த்தும்விட்டார். பார்த்தது அவருடைய பச்சை இல்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா? பாழாப் போன மஞ்சள்.

திரும்பி வந்ததும் என் கையை உதறிவிட்டுத் தானாகவே நடந்தார். கூடத்தின் வழவழப்பில் மெதுவாக வந்தார். கரடுமுரடான கல்லில் பாதம் பட்டதும் நின்றார்.

"சமையலறை" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே, பாதத்தால் அந்தக் கல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

நான் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 2

"சுவரை மாத்திடலாம். நீதானே பாத்துட்டு இருக்கப் போறே" என்றார். நெட்டை வாளியும் வெள்ளையும் கொண்டுவந்தார். இவர் முக்காலியைத் தடவி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டை, சாதாரணச் சட்டை.

முதல் அட்டை காய்ந்ததும், "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குங்கறது ஒரு கலரா? எது மாதிரி இருக்கு, அதைச் சொல்லு."

யோசித்தேன். "ஆஸ்பத்திரித் திரை மாதிரி."

நெட்டை சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார், எத்தனையோ நாளைக்கு அப்புறம். "அப்ப நீலம் தூக்குது. மஞ்சள் ரெண்டு சொட்டு விடு."

அடுத்தது இளந்தளிர் மாதிரி என்றேன். "ரொம்பத் துள்ளுதா? ஒரு சொட்டு கறுப்பு. ஒண்ணே ஒண்ணு." சொட்டு விட்டது நெட்டை, கலக்கியது இவர். காயும்வரை மூன்று பேரும் ஃபேனுக்குக் கீழே ஒரு அட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளரிக்காயின் தோலைச் சீவினால் அடியில் வருமே, அந்தப் பச்சை. அன்றைக்கு மூன்றாவது அட்டையில் வந்ததே, அதே பச்சை.

இவர் கை அதற்குள் மஞ்சள் புட்டிக்குப் போய்விட்டது. "நிறுத்துங்க!" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். "இதுதாங்க. போதும், நிறுத்துங்க."

கை அப்படியே நின்றது. புட்டியை மூடித் தரையில் வைத்தார். "நிச்சயமா?" என்றார். நிச்சயமா என்றேன். இப்போதாவது என்னை நம்பினாரே.

ஏப்ரல் 6

அடித்தாயிற்று. அத்தனை அழகு. மகளுக்குப் போட்டோ அனுப்பினேன், உடனே போன் பண்ணி அழுதாள். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரிகிறது, கலந்தவருக்குத் தெரியவில்லை. இந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரிந்தாலும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்க இருப்பது நான் ஒருத்திதானே.

ஏப்ரல் 11

சாயந்திரம் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் எதிரே நாற்காலியில். வெளியே வேலை விட்டு வருகிறவர்களின் வண்டிச் சத்தம்.

"இருட்டிடுச்சா?" என்றார்.

"இருட்டிக்கிட்டு வருதுங்க."

"லைட்டைப் போட்டுக்கோ. உனக்குத் தெரியணுமே."

எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன்.