வேதாக்காவின் முப்பத்திரண்டு முட்டைகள்

6 மார்ச் 1988, ஞாயிறு

ஃபிலிம் சொசைட்டியில் உக்ரேன் படம் பார்த்து நாலு மாதம் ஆகிறது. வேதாக்கா இன்னும் அந்தப் படத்தைவிட்டு வெளியே வரவில்லை. அதில் வந்த கல்யாணம், பனி, சட்டைக்கை எம்பிராய்டரி எல்லாவற்றையும் கோழிமுட்டை மேல் வரைகிறாள். மெழுகால் கோடு, சாயத்தில் முக்கல், மறுபடி மெழுகு. அந்த ஊர்ப் பெண்கள் ஈஸ்டருக்குச் செய்வதாம். முப்பத்திரண்டு முட்டை வரிசையாகத் தொங்கும். நடந்துகொண்டே பார்த்தால் படம் ஓடும். 27ஆம் தேதி காலனி ஹாலில் கண்காட்சி.

வேலையெல்லாம் இரும்புலியூரில், அக்காவோடு டெலிபோன் ஆபீஸில் இருக்கும் கன்னியம்மா அக்கா வீட்டில். எங்கள் வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது. நான் கணக்கில் வாங்குவதற்கு மட்டும் விலக்கு.

ஊசித் துளை வழியாக உள்ளே இருப்பதை ஊதி எடுப்பது என் டிபார்ட்மெண்ட்.

13 மார்ச்

என் வாயைத் தைக்க வேண்டும்.

காலனி செக்ரட்டரி லக்ஷ்மிநாராயணன் மாமா, "அக்கா எதுல வரையறா, மண்ணுலயா?" என்று கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். "டிசைன் அக்காவோடது மாமா, மெட்டீரியல் கோழியோடது" என்றேன்.

ஹால் கேன்சல்.

14 மார்ச்

பஜனை நடக்கிற இடத்தில் முட்டை கூடாதாம். போன மாதம் அங்கேயே தோல் செருப்பு சேல் போட்டார்களே, அந்தத் தோல் எந்த மரத்தில் காய்த்தது?

"ரஷ்யக் கூத்து" என்று வேறு சொல்கிறார். உக்ரேன் என்று நாலு தடவை சொல்லியாயிற்று. தாம்பரத்தைச் செங்கல்பட்டு என்றால் விடுவாரா?

மண் உருண்டையில் வரைந்தால் ஹால் தருவாராம். அப்பாவும், "ஒத்துக்கோயேன் வேதா, யாருக்கு வித்தியாசம் தெரியப்போறது?" என்றார்.

"எனக்குத் தெரியும்ப்பா."

அழக்கூட இல்லை அவள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

19 மார்ச்

மாமா ஸ்கூட்டரில் காற்றைப் பிடுங்கப் போனேன். அக்கா பிடித்துவிட்டாள். "அதை விட்டுட்டு வா, இன்னும் ஏழு முட்டை ஊதணும்."

"எங்கே தொங்கவிடப்போறே?"

இரும்புலியூரில் ஊதிக்கொண்டே கேட்டேன். கன்னியம்மா அக்காதான், "அவுங்க ஹாலு இன்னாத்துக்கு? ஃபாதராண்ட கேக்கறேன். ஈஸ்டரன்னிக்கு சாயங்காலம் கோயில் ஹாலு சும்மாதான் கீது" என்றார்.

3 ஏப்ரல், ஈஸ்டர்

அக்கா வரிசையை மூன்று முறை மாற்றினாள். பூசை முடிந்து வந்தவர்கள் கல்யாணத்தில் நின்று, பனியில் மெதுவாக நகர்ந்தார்கள். "நம்ம வூட்டு கோழிங்க சினிமால நடிச்சிகினு கீது பாரு" என்று எல்லாரிடமும் கன்னியம்மா அக்கா.

காலனியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. எழுதி வைக்கிறேன் – ஒருத்தர்கூட.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். கடைசி வரை நடந்தார். திரும்ப முதலிலிருந்து நடந்தார். பிறகு அக்காவிடம், "பஸ்ல எடுத்துண்டு போனா உடைஞ்சுடுமோ?" என்றார்.

4 ஏப்ரல்

எங்கள் வீட்டு டிவி மேல் ஒன்று இருக்கிறது. உருளாமலிருக்க அம்மா அடியில் ஒரு வளையலை வைத்திருக்கிறாள்.