தலை ஆடவில்லை என்று சொன்னவள் எழுதுவது

உங்கள் கார் டிக்கியைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கையுறை அகப்பட்டது. இடது கைக்கு மட்டும் போடுவீர்களே, வெள்ளைத் தோல் உறை, அதுதான். வியர்வையில் ஊறி ஊறிக் காய்ந்து அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். தைல வாடை, வியர்வை வாடை, அதற்கடியில் உங்கள் வாடை. வேறொருத்தியாக இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். நான் குப்பையில் போட்டுவிட்டு, மதுரைக்குப் போனபோது என் கைக்கு அளவாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஆமாம், என் கைக்குத்தான். நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உங்கள் கோல்ஃப் மட்டையை நான் தொட்டுவிட்டேன். 'நீங்கள்', 'உங்கள்' என்று மரியாதையாக எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். அது வாய்ப்பழக்கம். மனசுக்குள் அப்படி இல்லை.

அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் பார்க்கிறவருக்குக் கோல்ஃப் எதற்கு என்று சொந்தபந்தமெல்லாம் கேட்டது. "பெரிய பார்ட்டியெல்லாம் அங்கதான் வாராக. யாவாரத்த அங்கதான் பேசணும்" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் மலைமேல் கிளப். மற்ற நாளெல்லாம் பரளச்சியில் நம் தரிசில் விடியற்காலைப் பயிற்சி. பயிற்சி உங்களுக்கு, வேலை எனக்கு. முள்ளுக்குள் போன பந்தைப் பொறுக்குவது நான். அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அடிக்கும்போது தலை அசையக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் என்னை எதிரே நிறுத்தி, குடைக்கம்பின் நுனி உங்கள் தொப்பியில் தொட்டபடி இருக்க, பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வீர்கள். அடித்து முடித்ததும் கேட்பீர்கள்: "தலை ஆடுச்சா?"

ஆடியது. பூம்பூம் மாட்டுத் தலை போல ஆடியது. தலை மட்டுமா? மட்டையை மேலே தூக்குகிறவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. கீழே இறக்கும்போதுதான் எல்லாம் கெட்டுப்போகும். கைக்கு அத்தனை அவசரம். இடுப்பு திரும்புவதற்கு முன்னாலேயே தோளும் கையும் பாய்ந்து இறங்கிவிடும். வலது முழங்கை விலாவோடு ஒட்டாமல் வெளியே போகும். குனிந்து நின்ற உடம்பு பாதியிலேயே நிமிர்ந்துவிடும். பந்து நேராகக் கிளம்புகிற மாதிரிப் பாசாங்கு பண்ணி, வலது பக்கம் வளைந்து கருவேலம் புதருக்குள் போய் விழும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் யோசித்ததே இல்லை. திருச்சுழிப் பள்ளிக்கூடத்திலும் பிறகு மதுரைக் கல்லூரியிலும் ஈட்டி எறிந்தவள் நான். முதலில் காலை ஊன்ற வேண்டும், பிறகு இடுப்பு திரும்ப வேண்டும், தோள் அதன் பின்னால் வர வேண்டும், கை கடைசியில்தான். எறிந்தாலும் சரி, அடித்தாலும் சரி, உடம்புக்கு வரிசை அதுதான். அப்பா வாங்கிக்கொடுத்த ஈட்டியைச் சீர்ச்சாமானோடு கொண்டுவந்தேன். வந்த மாசமே மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கொடிக்கு அதை முட்டுக் கொடுத்தீர்கள். உங்கள் வேட்டி அதில்தான் காய்ந்தது. அதைக்கூட விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தேன்.

மலைமேல் நடந்த அந்த மத்தியான விருந்தைத்தான் விட முடியாது. குடும்பத்தோடு போயிருந்தோம். "அண்ணே, ஒங்க பந்து மட்டும் ஏன் எப்பவும் பொதரத் தேடிப் போகுது?" என்று உங்களோடு ஆடுகிற சேக்காளி கேட்டார். உங்கள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் வாயைத் திறந்தேன். உங்கள்மேல் பிரியம் இருந்த காலம் அது.

"கைய மொதல்ல எறக்குறீக. இடுப்பு மொதல்ல திரும்பட்டும், கை தானா வரும்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தீர்கள். "கேட்டுக்கிடுங்கப்பா, கோச் வந்துட்டாக! ஈட்டி எறிஞ்ச கையி. இப்ப இட்லித் தட்டுல மாவு ஊத்துறதோட சரி."

மேசை அதிரச் சிரித்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிமாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் என் பெயரே கோச். "கோச்சு, காப்பி கொண்டா." "கோச்சு, வேட்டி எங்க?" கடை ஆட்கள் முன்னால், மகள் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், எங்கும் அதே பெயர்.

சரி, கோச் என்றால் கோச்சாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்தீர்கள். தொப்பி கம்பை விட்டு ஒரு சாண் விலகிப் போய்த் திரும்பி வந்தது. "தலை ஆடுச்சா?" என்றீர்கள்.

"ஆடலையே" என்றேன்.

நீங்கள் இருந்தவரை அதே பதில்தான். "முழங்கை ஒட்டி வருதா?" "வருதே." "நிமிர்றேனா?" "இல்லையே, செலையாட்டம் நிக்கிறீக." நீங்களும் மட்டையை மாற்றினீர்கள், ஷூவை மாற்றினீர்கள். ஜோசியர் சொன்னார் என்று கிழக்கே பார்த்து நின்று, விடிகிற வெயில் கண்ணில் குத்தக் குத்த அடித்தீர்கள். ஞாயிறுதோறும் தோற்றீர்கள். மலையிறங்கும்போது காரில் உம்மென்று வருவீர்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்து நல்ல பசி எடுக்கும். ஐயோ பாவம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போதும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அழுதேன். ஊர் பார்க்க அழுதேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே ஓர் எரிச்சல். உங்கள் தலை ஆடியது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டீர்களே! பழி வாங்கப்பட்ட ஆளுக்கே அது தெரியவில்லை என்றால் அது என்ன பழி?

அந்த எரிச்சலோடு இருந்தபோதுதான் உங்கள் சேக்காளி போன் போட்டார். "அண்ணே பேருல ஒரு கப்பு வைக்கிறோம் அண்ணி. மொதப் பந்த நீங்கதான் அடிச்சுத் தொவக்கி வைக்கணும். பயப்படாதீக, போட்டோவுக்குச் சும்மா ஒரு தட்டுத் தட்டுனாப் போதும்."

சும்மா ஒரு தட்டாம்! "வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் காலை உங்கள் மட்டையோடு பரளச்சிக்குப் போனேன். முதல் நாள் பந்தைத் தொடவே முடியவில்லை, கரிசல் கட்டிதான் பறந்தது. ஈட்டி எறிந்த கை உயரத்திலேயே நிற்கப் பார்த்தது. முழங்கையை விலாவோடு இறக்க அதற்குத் தெரியவில்லை. கைபேசியைக் கல்லில் சாய்த்துப் படம் பிடித்துப் பார்த்தால், எனக்கும் உடம்பு நிமிர்கிறது, எனக்கும் கைதான் முந்துகிறது. கோபத்தில் அடித்தால் யாருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. கக்கத்தில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டு, அது நழுவி விழாமல் அடித்துப் பழகினேன். இடது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கை அதுபாட்டுக்கு வரட்டும் என்று விட்டேன். முழங்கால் வலியில் உயிர் போனது. மெல்ல மெல்லப் பந்து நேராகப் போக ஆரம்பித்தது.

பக்கத்துத் தரிசில் ஆடு மேய்க்கிற மாரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏக்கா, யார நெனச்சு இந்தப் போடு போடுறீக?"

"யார நெனச்சா என்னடி, நேராப் போகுதா பாரு."

"நேராத்தேன் போகுது. அந்த ஆளு பாவம்" என்றாள்.

கப்பு நடந்த அன்று மலைமேல் நல்ல கூட்டம். உங்கள் படத்துக்கு மாலை போட்டு மேசையில் வைத்திருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மட்டையைப் பிடித்ததும், போட்டோக்காரர் போட்டோ எடுத்தால் முடிந்தது என்கிற தோரணையில் எல்லோரும் நின்றார்கள். எனக்கு அவசரமே இல்லை. குனிந்து, மட்டையைத் தூக்கி, மேலே ஒரு நொடி நிறுத்தினேன். கால், இடுப்பு, தோள், அதன் பிறகுதான் கை. அடிபட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து கோடு போட்ட மாதிரி நேராகப் போய், புல்வெளி நடுவில் விழுந்து உருண்டது.

உங்கள் சேக்காளி மைக்கில் கத்தினார். "பாத்தீகளா! அண்ணே ட்ரெய்னிங்னா சும்மாவா? அண்ணே கை அப்படியே எறங்கியிருக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள், உங்கள் படத்தைப் பார்த்து. எனக்கு ரத்தம் கொதித்தது. செத்த பிறகும் நான் அடித்த அடி உங்களுக்குத்தானா? நேரே போய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"இது அவுக கையி இல்ல, என் கையி. அவுக பந்து எங்க போகும்னு ஒங்க எல்லாத்துக்கும் தெரியும். எப்படி அடிக்கணும்னு இதே எடத்துல நான் சொன்னேன். அவுக கேக்கல. நீங்கள்லாம் சிரிச்சீக."

யாரும் சிரிக்கவில்லை. உங்கள் சேக்காளி குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ ஒரு பெண் மட்டும் கை தட்டினாள். நான் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறினேன்.

பாளையம்பட்டி வருகிறவரை தெம்பாகத்தான் இருந்தேன். ஊர் நெருங்க நெருங்க ஆத்திரம் மறுபடியும் ஏறிவிட்டது. அவ்வளவு பேர் கேட்டார்கள், கேட்க வேண்டிய நீங்கள் கேட்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறாது, ஆற விடவும் மாட்டேன், என்னோடேயே இருக்கட்டும். ஆனாலும் சொல்கிறேன். அத்தனை வருஷம் எதிரே நின்றேனே, "நீ சொல்லு, எப்படி அடிக்கணும்?" என்று ஒரே ஒரு நாள் காலையில் நீங்கள் கேட்டிருந்தால், உங்கள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து நானே திருப்பிவிட்டிருப்பேன்.