ஏழுமலை நீட்டிய கை

அக்கா,

இன்று உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே ஒரு கூடை நிறைய மரக்கட்டைகள். பிள்ளைகள் அடுக்கி விளையாட, சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். அந்தச் சாய வாடை மூக்கில் ஏறியதும் ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரம் கண் முன்னால் வந்து நின்றது. உன் மகன் ஏழுமலை என் பக்கத்தில்தான் இருந்தான். அவனுக்கு இப்போது பால்பற்கள் விழ ஆரம்பித்துவிட்டன.

நீ போனபோது எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. உள்ளே ஏதோ ஓரிடம் மரத்துப்போய்க் கிடக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழுமலைக்கு இரண்டு வயதான வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் ஜீப்பில் வந்தார். சின்னப் பிள்ளைகளின் மூளை வயதுக்குத் தக்கபடி வளர்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நம் பெண்கள் பேசுவது அவருக்குப் பிடிபடவில்லை என்று என்னைக் கூடவே வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால், "நாத்து புடுங்கசொல்ல பொறந்தது சார்" என்பார்கள். அதை நான் மாதக்கணக்காக மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரில் பால்வாடி திறந்திருந்த சமயம் அது. மதியம் கஞ்சி, பால் பவுடர் எல்லாம் உண்டு. சேரிப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. டீச்சருக்கு அதில் இஷ்டமில்லை. டாக்டர் சோதித்து, மூளை சரியாக இருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். உனக்கு அது போதும். களையெடுப்பை அன்றைக்கு விட்டுவிட்டு வந்தாய். ஏழுமலையின் தலையில் அத்தனை எண்ணெய். "சேத்துல எம்முதுகுல தொங்கினது போதும்டா தம்பி. இவனாவது நெயல்ல குந்திக்கினு துன்னட்டும்" என்றாய்.

டாக்டர் அவனைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பாயில் உட்கார வைத்தார். பின்னால் மணி அடித்தார், திரும்பினான். ஒரு கடலையைத் தகரக் குவளைக்கு அடியில் மறைத்தார். அவன் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான், கை மட்டும் போகவில்லை. பிறகு சிவப்புக் கட்டைகளைக் கொட்டினார். இரண்டு வயதுப் பிள்ளை நாலைந்தாவது அடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏழுமலை கட்டைகளைப் பார்த்தான். பிறகு உன் முகத்தைப் பார்த்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"எடு கண்ணா, எடு" என்றார் டாக்டர்.

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மணியக்காரர் சிரித்தார். "வுடுங்க சார். மாடு மேய்க்கறதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ மூளை?"

உன் முகம் சுண்டிப்போனது. தாழ்வாரத்துக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்திருந்த நீ, முட்டி போட்டு எம்பி, "தொடு நைனா. தொட்றா" என்றாய். அவன் பிறந்ததிலிருந்து நீ அவனிடம் சொல்லாத சொல் அது. ஏழுமலையின் உதடு கோணியது. ஒரு கையை மெதுவாக வெளியே எடுத்தான். கட்டையிடம் அது போகவில்லை. புறங்கையை மேலே காட்டி உன் பக்கம் நீட்டினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சார், அவன் அடி வாங்கறதுக்குக் கை நீட்றான்" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "புரியுதுப்பா. ஆனா அதை எழுத இதுல எடம் இல்லையே" என்றார். சேரிக்கு வந்து அவன் விளையாடுவதைப் பாருங்கள் என்றேன். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஊர்ப் பிள்ளையையும் அதே பாயில்தான் உட்கார வைத்தார், அது உண்மைதான். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஏழுமலை தவழ ஆரம்பித்த நாளில் மணியக்காரர் வீட்டுக் கொல்லையில் நீ சாணம் அள்ளிக்கொண்டிருந்தாய். அவன் போய்க் குடத்தைத் தொட்டுவிட்டான். தண்ணீரைக் கொட்டினார்கள், குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள், உன்னை வெயிலில் நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் எதன் மேல் கை வைத்தாலும் புறங்கையில் ஒரு அடி. ஏன்க்கா இப்படி அடிக்கிறாய் என்று நான் கத்தினேன். "நான் அடிச்சா செவந்துட்டுப் போவும். அவுங்க அடிச்சா கை இருக்குமாடா?" என்று கேட்டாய். நம் அம்மா உன்னையும் என்னையும் அப்படித்தான் வளர்த்தாள். எந்தப் பொருள் யாருடையது என்று நடை பழகுவதற்குள் படித்து முடித்த பிள்ளைக்குத்தான் மூளை வளரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சோதனைக்கு மறுநாள் நீ சூளையிலிருந்து உடைந்த செங்கற்களை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாய். கல்லில் தேய்த்துத் தேய்த்து, ஏறக்குறைய சதுரமாக்கினாய். உன் புருஷன், "பைத்தியம் புட்ச்சிகீதா ஒனக்கு?" என்றார். நீ தேய்ப்பதை நிறுத்தவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அவன் முன்னால் அவற்றை வைத்துவிட்டு, உன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். "பாரு, அம்மாக்குக் கையே இல்ல. எடு" என்றாய். அவன் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. எத்தனை சாயங்காலம் அப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் வந்தபோது ஐந்து துண்டு ஒன்றன்மேல் ஒன்றாக நின்றிருந்தது. ஆறாவதை வைக்கப் போனவன் என்னைக் கண்டதும் நிறுத்தினான். நீ என்னை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாய்.

பிறகு செங்கற்களையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனாய். டீச்சர் நிலைப்படியில் நின்று, "டாக்டர்தான் வேணாம்னுட்டாரே" என்றாள். நீ அவள் காலடியிலேயே துண்டுகளைக் கொட்டினாய். அவன் அடுக்கினான். நிலைப்படியை மறித்துக்கொண்டு அடுக்கினான். உள்ளேயிருந்த பிள்ளைகள் வந்து சுற்றி நின்று கத்தின. "சரி, ஓரமா குந்த வை" என்றாள். ஓரமாகத்தான். ஆனாலும் உள்ளே.

அடுத்த ஐப்பசியில் உனக்கு இரண்டாவது பிரசவம். ரத்தம் நிற்கவில்லை. மணியக்காரரிடம் வண்டி கேட்டேன். மாடு களைத்திருக்கிறது என்றார். கட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் மெட்ராஸில் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் உன்னைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்தோம். மழை. மதகைத் தாண்டும்போது உன் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்து உள்ளே வைத்தேன். மறுபடி தொங்கியது. அதற்கப்புறம் யாரும் அவசரப்பட்டு நடக்கவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

எனக்கு இப்போது மானாம்பதியில் வாத்தியார் வேலை. ஏழுமலை என்னோடுதான் இருக்கிறான், படிக்கிறான். வாய் உன்னைப் போலவே.

கடையில் அவன் நேராகக் கூடைக்குள் கையை விட்டான்.

"டேய், தொடாத! வாங்கற ஆளுதான் தொடணும்" என்று கடைக்காரர் அதட்டினார்.

அவன் கையை எடுக்கவில்லை. "தொட்டுப் பாக்காம எப்டி வாங்கறது?" என்று கேட்டான்.

"யப்பா, வாயப் பாரு!" கடைக்காரர் சிரித்துவிட்டார். அதற்குள் கல்லாப்பெட்டியின் மேல் மூன்று கட்டைகள் ஏறிவிட்டன. நான்காவதை நிதானமாக வைத்தான். கடைக்காரர் ஒரு கட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "புடிச்சிப் பாருங்க வாத்தியாரே, நல்ல மரம்."

அப்போதுதான் கவனித்தேன், அக்கா. கடைக்குள் நுழைந்ததிலிருந்தே என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.