அஃப்ஷானின் கால் அளவு

14 ஜூன் 2025, சனி

அஃப்ஷான் இன்று ஸ்கேட்டில் விழாமல் பன்னிரண்டு சுற்று ஓட்டினாள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போன அலுப்பு போயே போச்சு.

பழைய ஸ்கேட்டை மாற்றச் சொல்லிவிட்டார் கோச் மேகலா. "எண்பது மில்லிமீட்டர் சக்கரம் போதுங்க. கணுக்காலை மூடுற ஷூவா வாங்குங்க. புள்ளைக்கு இன்னும் சரியா நிறுத்தத் தெரியல. பெரிய சக்கரமெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

ஆகஸ்ட் பத்தாம் தேதி அரியலூரில் போட்டி. தூக்கத்தில்கூட அதைப் பற்றித்தான் பேசுகிறாள்.

15 ஜூன்

நோட்டுத்தாளில் அவள் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்து, போட்டோ எடுத்து துபாயில் இருக்கும் அவள் அத்தாவுக்கு அனுப்பினேன். எண்பது என்று மூன்று முறை எழுதினேன். "பாத்துக்கறேன்" என்றார். பதினொரு வயது மகளை அவர் நேரில் பார்த்தது எல்லாம் சேர்த்தால் பத்து மாதம் வருமா?

6 ஜூலை

துபாயிலிருந்து லீவில் வந்த அவர் கூட்டாளி உசாமாவிடம் பார்சல் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சக்கரம் நூற்றுப் பத்து. ஷூ கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. அதுவும் இரண்டு சைஸ் பெரிது.

வீடியோ காலில் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கடையில இருந்ததுலயே இதான் ஒசத்தி. வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். நா அடுத்து எப்ப வரேனோ."

நான் என்ன சொன்னேன்? "ரொம்ப நல்லாருக்குங்க." பதிமூன்று வருஷமாக இதே பதில்தான். கைக்குள் நுழையாத வளையலுக்கும் இதே, தலைவலி கொடுக்கும் சென்ட்டுக்கும் இதே. வெளிநாட்டில் கிடந்து உழைக்கிறவரிடம் போனில் குறை சொல்லக் கூடாது. இந்த ஊரில் கல்யாணமான முதல் வாரமே பெண்களுக்கு இது பழகிவிடும்.

12 ஜூலை

மேகலா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டு விட்றாதீங்கக்கா." இன்றைக்கும் பழசுதான்.

18 ஜூலை

புது ஸ்கேட்டில் ஓட்டுற வீடியோ எங்கே? நாலு நாளாகப் போனில் அவர் இதையேதான் கேட்கிறார்.

20 ஜூலை

ரெண்டு ஜோடி சாக்ஸ். ஷூ முனையில் பஞ்சு. நான்தான் திணித்தேன். தெருவில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வேகமா வாடி" என்றதும் நான்தான்.

நிறுத்தத் தெரியாமல் எதிர்வீட்டுச் சுவரில்— இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு.

யா அல்லாஹ். அன்னைக்கே ஏன் சொல்லல நான்? சொன்னா கோவிச்சுக்குவாரு. கோவிச்சுக்கட்டுமே! புள்ள கையவிட அவரு கோவம் பெருசா?

இதை எழுதிவிட்டு, போன் வந்தபோது என்ன செய்தேன்? "வீடியோ சரியா விழலங்க" என்றேன்.

10 ஆகஸ்ட்

அரியலூரில் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். போட்டி தள்ளிப்போய்விட்டது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன். அவர் முகம் தெரிந்ததும் அஃப்ஷான் வாங்கிக்கொண்டாள். கட்டுப் போட்ட கை துப்பட்டாவுக்குள்.

"ஸ்கேட் சூப்பர் அத்தா. அளவு அப்படியே கரெக்டா இருக்கு."

"பாத்தியா! உங்கம்மா எண்பது, எண்பதுன்னு உசுர வாங்குனா."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லாப் பேசினேனாம்மா?"

ம் என்றேன்.