தண்ணீர் விடாத இருபது நாள்

அன்புத் தங்கச்சி தமிழ்,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது சொல்லியே ஆக வேண்டிய சேதி ஒன்று வந்திருக்கிறது. உன் நிலவேம்புச் செடிகளைப் பற்றியது.

நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டுக்கு அனுமதி வாங்கிப் போய், கோடையிலும் பச்சையாக நிற்கும் புல்லை வேரோடு பிடுங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாய். சுரங்கத்தில் மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட் ஓட்டுகிற எனக்கு அது தூக்கிப் போட்ட மண். நீதான் விளக்கினாய். “இந்த வேர்ல இருக்கிற பாக்டீரியா பசை மாதிரி ஒண்ணு சுரக்குது அண்ணா. மண்ண வேரோட பிடிச்சு வெச்சு ஈரத்தக் காப்பாத்துது. மருந்துச் செடிக்கு இதக் குடுத்தா அதுவும் வறட்சியத் தாங்குமான்னு பாக்கணும்.” கல்லூரி ஆய்வகத்தில் அதைப் பிரித்து வளர்த்தாய். பிறகு முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் நம் அரைக் காணி நிலத்தைக் கேட்டாய்.

போன கோடையில் இருபது வரிசை நிலவேம்பு நட்டோம். பத்து வரிசை நாற்றுகளின் வேரைப் பாக்டீரியா கலந்த அரிசிக் கஞ்சியில் நனைத்து நட்டு, நீல நாடா கட்டினாய். மற்ற பத்துக்கும் வெறும் கஞ்சி. வேர் பிடித்த பிறகு இருபது நாள் தண்ணீரே விடக்கூடாது என்றாய்.

எட்டாம் நாள் நான் வயலுக்குப் போனேன். எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. மோட்டாரைப் போட்டு எல்லா வரிசைக்கும் பாய்ச்சினேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் நீ வந்து ஈரத் தரையைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

“ஏண்ணா?”

“செடி வாடிக்கினு இருந்துச்சு தமிழ். பாக்க முடியல.”

“வாடணும்ணா. எது எவ்ளோ வாடுதுன்னுதானே பாக்கணும்.”

நீ கத்தவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள், ஷிப்டுக்குக் கிளம்பியபோது டிபன் பாக்ஸை நீட்டி, “சரி, அடுத்த கோடைக்குப் பாத்துக்கலாம்” என்றாய். ஆடியில் ரத்தப் புற்று என்றார்கள். ஐப்பசியில் நீ இல்லை. அந்த ஒன்பது நாளை நான் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?

தை மாதம் உன் ஆய்வகத் தோழி பௌசியா வீட்டுக்கு வந்தாள். உன் பாக்டீரியாவைச் சோதனைக் குழாய் மாற்றி மாற்றி உயிரோடு வைத்திருக்கிறாளாம். “அவ ஆரம்பிச்சத நாம முடிக்கலாமா அண்ணா?” என்று கேட்டு உன் நோட்டை நீட்டினாள். ‘எட்டாம் நாள்: வயலில் நீர் பாய்ந்தது. சோதனை நிறுத்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தாய். உன் ஆய்வை மேற்பார்த்த சாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லையாம். ஏதோ தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் பௌசியாவும் நினைத்திருக்கிறாள்.

“நான்தாம்மா பாய்ச்சினேன்” என்றேன். அவள் பேனாவைக் கொடுத்தாள். உன் வரிக்குக் கீழே அதையும் எழுதினேன்.

மறுபடி இருபது வரிசை. சித்திரையில் தண்ணீரை நிறுத்தினோம். பத்தாம் நாளே உன் அண்ணி சாந்திக்குப் பொறுக்கவில்லை. “என்னாங்க, அவ பேரச் சொல்லிக்கினு செடியக் கொல்றீங்களா?” என்றாள். போன வருஷம் நான் சொன்னதைத்தானே அவளும் சொல்கிறாள்?

பதின்மூன்றாம் நாள் நண்பகலில் நாடா கட்டிய வரிசை, கட்டாத வரிசை எல்லாம் ஒன்றுபோலத் துவண்டுவிட்டன. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீ தோற்றுவிடுவாயோ?

மறுநாள் காலை, ராத்திரி சி ஷிப்ட் முடிந்து நேராக வயலுக்குப் போனேன். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உன் நீல நாடா வரிசைகளின் அருகே நின்றேன், தமிழ். செடிக்கு ஒரு மக் ஊற்றினால் போதும், நீ ஜெயித்துவிடுவாய். யார் பார்க்கப் போகிறார்கள்? வெயில் முதுகில் ஏறும்வரை அப்படியே நின்றேன். வாடுவதைத்தான் பார்க்க வேண்டும் என்றவளுக்கு, வாடாமல் காட்டி நான் என்ன தரப்போகிறேன் என்று தோன்றியது. அடுத்த வயலில் கட்டியிருந்த ஆட்டுக்குக் குடத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

பதினைந்தாம் நாளிலிருந்து வித்தியாசம் தெரிந்தது. வெறும் கஞ்சி வரிசைகளில் அடி இலைகள் பழுத்து உதிர்ந்தன. பல செடிகள் சாயங்காலமும் நிமிரவில்லை. நாடா கட்டியவை மதியம் துவளும், வெயில் தாழ்ந்ததும் எழுந்துகொள்ளும். எல்லாம் அல்ல. கிழக்கே சரளை மண்ணில் இருந்த இரண்டு நீல வரிசைகள் அடியோடு போய்விட்டன. அதையும் நோட்டில் எழுதினேன்.

இருபதாம் நாள் பௌசியா வந்து இரண்டு பக்கத்திலும் சில செடிகளைத் தோண்டி எடுத்தாள். வெறும் கஞ்சிச் செடியின் வேர் உதறியதும் நூலாகத் தொங்கியது. உன்னுடையதில் மண் உறை போட்டதுபோல ஒட்டியிருந்தது. சாந்தி ஒரு செடியை வாங்கி உதறிப் பார்த்தாள். “மண்ணு வுட மாட்டேங்குதுங்க” என்றவள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இலையில் மருந்துச் சரக்கு குறையாமல் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டுமாம். அந்த முடிவு இன்னும் வரவில்லை. “ஒரு வயல், ஒரு கோடை போதாது அண்ணா. இன்னும் ரெண்டு எடத்துலயாவது இதே மாதிரி வரணும்” என்கிறாள் பௌசியா. நீயும் இதைத்தான் சொல்லியிருப்பாய், இல்லையா?

அன்று மத்தியானமே எல்லா வரிசைக்கும் தண்ணீர் திறந்துவிட்டேன். போர்வெல் மோட்டார் இழுத்து இழுத்துத்தான் இறைத்தது. கடைசி வரிசைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை நின்று பார்த்தேன்.

கம்மாபுரத்தில் சாந்தியின் தம்பி கால் காணி தருகிறேன் என்றிருக்கிறான். அவனுடைய பக்கத்து வயல்காரரும் ஒரு மூலையை விடுவதாகச் சொல்கிறார். அடுத்த கோடையில் மூன்று வயலிலும் நடுவோம். மோட்டார்ப் பக்கம் போக மாட்டேன், குடத்தைத் தொட மாட்டேன். நின்றது எத்தனை, செத்தது எத்தனை என்று உள்ளதை உள்ளபடி எழுதுவேன். உன் பாக்டீரியா தோற்றால் தோற்றது என்றும் எழுதுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு பேசிக்கொண்டே இருக்கும்
உன் அண்ணன்